வேலையை விடும் தேதியைக் குறியுங்கள்
பிடிக்காத வேலையை விட முடிவெடுத்தாச்சா? முதலில் மாதச் செலவைக் கணக்குப் போடுங்கள்: வாடகை, கடன் தவணை, காப்பீடு, சாப்பாடு. அதைப்போல 6 மடங்கு சேமிப்பு எப்போது சேருமோ, அதுதான் கிளம்பும் தேதி. காலண்டரில் அதைக் குறித்துவிட்டால் அலுவலக நாட்களைத் தாக்குப்பிடிப்பது சுலபம்.

வேலை தேடுவதை இரவுக்குத் தள்ளாதீர்கள். களைத்த மூளை பயோடேட்டாவில் பழைய வரிகளையே திரும்ப எழுதும். காலையில் 45 நிமிடம் போதும். ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வேண்டாம், நிர்வாகத்தால் பார்க்க முடியும். சம்பளச் சீட்டுகளை இப்போதே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். அலுவலகக் கணக்கை முடக்கிவிட்டால் கேட்டு அலைய வேண்டும். நிறுவனக் கோப்புகளைத் தொடவே கூடாது.

பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: வாய்வார்த்தையை நம்பி ராஜினாமா கொடுப்பது. புது வேலைக்கான ஆணை எழுத்தில் வரட்டும். நோட்டீஸ் காலத்தையும் ஒப்பந்தத்தில் சரிபார்த்த பிறகே கடிதம் கொடுங்கள்.