குதிரைக்கு மரு வந்தால்: பிளேடை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கழுத்தில் மரு உள்ளவர்கள் குதிரை வால்முடி கேட்டு எங்கள் லாயத்துக்கு வருவதுண்டு. முடியால் மருவை இறுக்கிக் கட்டினால் உதிர்ந்துவிடும் என்பது ஊர் வைத்தியம். அந்தக் குதிரைக்கே மரு வந்தபோது நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒன்றரை வயதுக் குட்டி ஒன்றைப் பிடித்து வந்தோம். புரட்டாசிக்குள் மூக்கிலும் உதட்டிலும் பொரிப் பொரியாகக் கிளம்பிவிட்டது. காலிஃப்ளவரைக் கிள்ளி ஒட்டி வைத்த மாதிரி, சாம்பலும் இளஞ்சிவப்புமாக நாற்பதுக்கு மேல் எண்ணினேன். எருக்கம்பால் வை, சுண்ணாம்பு தடவு, பிளேடால் சீவு என்று ஆளுக்கொரு யோசனை. மூன்றையும் செய்யவில்லை. செய்ததை, புதிதாகக் குதிரை வளர்ப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: படம் எடுங்கள்

மருவுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் படம் எடுங்கள். நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர் என்பதால் அதுவே அளவுகோல் ஆகிவிடும். வாரம் ஒருமுறை அதே இடம், அதே வெளிச்சம். "பெரிசான மாதிரி இருக்கு" என்ற சந்தேகத்துக்கு இதுதான் மருந்து.

படி 2: அது என்னவென்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம். தோலில் முளைப்பதெல்லாம் மரு அல்ல.

மூன்று வயதுக்குக் குறைந்த குட்டிக்கு, மூக்கைச் சுற்றி, சின்னச் சின்னதாய்க் கூட்டமாக வந்தால் பெரும்பாலும் சாதாரண மருதான். குதிரைகளுக்கே உரிய பாப்பிலோமா வைரஸ் கிளப்பிவிடுவது. உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும், மூன்று நான்கு மாதத்தில் தானே உதிரும். சிலவற்றுக்கு ஒன்பது மாதம்கூட ஆகலாம்.

வளர்ந்த குதிரைக்கு, கண்ணோரம், காது, முன்தொடை இடுக்கு, கவட்டை, பழைய காயத் தழும்பு ஆகிய இடங்களில் வந்தால் சார்காய்டாக இருக்கலாம். குதிரைகளுக்கு வரும் தோல் கட்டிகளில் இதுதான் அதிகம். இதற்குக் காரணம் மாட்டு மருவை உண்டாக்கும் வைரஸ். மாட்டுத் தொழுவத்தை ஒட்டியே லாயம் வைத்திருக்கும் நாம் கவனிக்க வேண்டிய சேதி இது. சில சமயம் முடி கொட்டி வட்டமாக, படை போலவே தெரியும். இதைக் கிள்ளினால், கட்டினால், சுட்டால் முன்னைவிட வேகமாக வளரலாம். குதிரைமுடி வைத்தியம் குதிரைக்கு ஆகாது என்பது இதனால்தான்.

வெள்ளைக் குதிரையின் வாலடியில் கருப்பாக, உருண்டையாக வந்தால் பெரும்பாலும் மெலனோமா என்ற நிறமிக் கட்டி. பிறக்கும்போது கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருந்து வயதாக ஆக வெளுத்த குதிரைகளுக்குத்தான் இது அதிகம். பதினைந்து வயதைத் தாண்டிய அப்படிப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வந்துவிடும். பிறவியிலேயே வெள்ளையாக, தோல் ரோஜா நிறத்தில் இருக்கும் நுக்ராவின் கதை வேறு. அதற்கு வெயில் படும் கண்ணோரமும் ஆண்குறிப் பகுதியும்தான் புற்றுநோய்க்குப் பயப்பட வேண்டிய இடங்கள்.

காயம் ஆறாமல், உள்ளே அரிசி நொய் போல மஞ்சள் துகள்கள் தெரிந்தால், அது ஈ கொண்டுவந்து விட்ட புழுவின் வேலை. குடற்புழு மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் கொடுத்தால் கேட்கும்.

படி 3: வெளிப்பூச்சு

சாதாரண மரு என்று உறுதியானால் மட்டும் இது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, 9 கிராம் உப்பு கரைத்து, பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். காய்ந்ததும் ஒன்பது பங்கு தேங்காய் எண்ணெயில் ஒரு பங்கு வேப்பெண்ணெய் கலந்து லேசாகத் தடவுங்கள். முதல் நாள் கழுத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் தடவி, மறுநாள் தடிப்பு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். இந்த எண்ணெய் மருவைக் கரைக்காது. வெடிப்பு விடாமல் தோலைக் காக்கும், ஈயைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

எருக்கம்பால் பக்கமே போகாதீர்கள். குதிரை நக்கும், மூக்கைக் காலில் தேய்க்கும், கண்ணில் பட்டால் கண்ணே போகலாம்.

தண்ணீர் வாளி, தலைக்கயிறு, பிரஷ் எல்லாம் அந்தக் குட்டிக்குத் தனி. இவற்றின் வழியாகவும் வைரஸ் பரவும்.

படி 4: தீவனம்

பொடிகளை வாங்கும் முன் வயிற்றைப் பாருங்கள். உலர்ந்த எடையில் கணக்கிட்டால், குதிரையின் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை நார்த்தீவனம் தினமும் போக வேண்டும். 300 கிலோ குதிரைக்கு ஆறு கிலோ வரை. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதன் எடை பல மடங்கு வரும். புல் நன்றாகக் கிடைத்தால் வைட்டமின் ஈ பற்றிக் கவலையில்லை. காய்ந்த புல்லையே நம்பியிருந்தால் டாக்டரைக் கேட்டு அதைச் சேர்த்துக் கொடுங்கள்.

தோலுக்கு முக்கியம் துத்தநாகமும் தாமிரமும். 300 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 240 மில்லிகிராம் துத்தநாகம், 60 மில்லிகிராம் தாமிரம் தேவை. இது மொத்தத் தேவை, புல்லிலும் கொள்ளிலும் ஒரு பங்கு வந்துவிடும். மீதிக்குக் குதிரைக்கென்றே விற்கும் தாது உப்புக் கலவையை வாங்குங்கள். சில கோழித் தீவனங்களும் மாட்டுத் தீவனங்களும் மோனென்சின் என்ற மருந்து கலந்து வருகின்றன. மாட்டை ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும்.

ஆளி விதை 50 கிராம், அன்றன்று பொடித்து. ஊற வைத்து மூடி வைக்காதீர்கள், நச்சு கிளம்பும். செலினியம் தனியாகக் கொடுக்கவே வேண்டாம். கூடினால் பிடரி மயிர் கொட்டும், குளம்பு கழன்றுவிடும். பூண்டு நல்லதென்று அள்ளிப் போடுகிறார்கள். அளவு மிஞ்சினால் இரத்தச் சோகைதான் மிச்சம். மஞ்சள் தூளால் மரு விழுந்ததை நான் பார்த்ததில்லை.

கொள்ளு என்றால் வாய் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்பார்கள். மருந்து வாசனைக்கும் மூடிக்கொள்ளும். அதனால் வேகவைத்த கொள்ளில் ஒரு சிட்டிகையில் தொடங்கி, பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். இரண்டைச் சேர்த்துப் போட்டால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது.

படி 5: டாக்டரைக் கூப்பிட

கண்ணுக்குப் பக்கம், சேணம் உரசும் இடம், இரத்தக் கசிவு, மூன்று வயதுக்கு மேல் புதிதாக வந்தது, படத்தில் வாரா வாரம் பெரிதாவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். மேற்கு மாவட்டக்காரர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம். வெட்டிச் சோதிப்பதுகூடச் சார்காய்டைச் சீண்டிவிடலாம், அதனால் எதை, எப்போது எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

எங்கள் குட்டிக்கு மார்கழிக் கடைசியில் மருக்கள் காய்ந்து கறுத்தன. பொங்கலன்று முகம் கழுவியபோது துணியோடு நாலைந்து வந்தன. தை முடிவதற்குள் உதடு பழையபடி வழவழப்பு. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், தான் கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டதுதான் காரணம் என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. மிளகு விலை விசாரித்துவிட்டு நூறு கிராம் வாங்கிக் கொடுத்தேன்.