பொலிகிடாவுக்கு விதை வீக்கம்: ஊசி எதற்கு, குளிர்ந்த நீர் எதற்கு

இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆட்டுக் கிடாவின் விதைப்பை ஒரு பக்கம் வீங்கி, தொட்டால் சுடுகிறது, கிடா பின்னங்காலை அகட்டி நடக்கிறது என்றால் அன்றைக்கே வைத்தியம் தொடங்க வேண்டும். விதை உடல் சூட்டைவிட 4-5 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விந்து ஒழுங்காக உருவாகும். வீங்கிய விதையின் சூடு பக்கத்திலுள்ள நல்ல விதையையும் கெடுத்துவிடும். கிருமியை அடக்க ஊசி, சூட்டை இறக்கக் குளிர்ந்த நீர்; ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

கையுறை போடாமல் தொடாதீர்கள். பட்டியில் ஆடுகள் குறைமாதத்தில் குட்டி வீசியிருந்தால் புரூசெல்லா என்ற கிருமியின் மேல் சந்தேகம் வர வேண்டும். இது மனிதருக்கும் தொற்றும். ரத்தப் பரிசோதனையில் உறுதியானால் வைத்தியமே வேண்டாம், கால்நடை மருத்துவர் சொல்கிறபடி கிடாவைப் பட்டியிலிருந்து நீக்குங்கள். வீக்கம் மெத்தென்று இருந்து, மேல்நோக்கி அழுத்தினால் உள்ளே போகிறதென்றால் அது குடலிறக்கம், அதற்கு அறுவை சிகிச்சைதான்.

முட்டு, உதை பட்டு வந்த வீக்கத்துக்கு முதல் இரண்டு நாள் குளிர்ந்த நீரே பெரிய மருந்து. குழாய்நீரை மெல்லிய தாரையாக 15-20 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விடுங்கள். ஐஸ் கட்டியை நேராக வைத்தால் தோல் வெந்தது போலாகும், துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரம் துடைத்துவிடுங்கள். ஊறிய தோலில் புண் வந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்கும். தொங்கும் பாரத்தைத் தாங்கத் துணித் தொட்டில் கட்டலாம், ஆனால் இறுக்கிக் கட்டினால் விதை வயிற்றோடு ஒட்டிச் சூடு ஏறிவிடும். இந்த நாட்களில் சூடான ஒத்தடம் கொடுப்பதும் அதே கெடுதல்தான். பெட்டைகளைக் கண்ணில் படாத தூரத்தில் கட்டுங்கள்.

வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம், கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால் 30 கிலோ கிடாவுக்கு 3 மில்லி. டைக்ளோஃபெனாக் கேட்காதீர்கள், பிணந்தின்னிக் கழுகுகளைக் கொன்ற மருந்து அது, கால்நடைகளுக்கு 2006-லேயே தடை செய்யப்பட்டது. காய்ச்சலோ சீழோ இருந்தால் மருத்துவர் ஆண்டிபயாட்டிக் தருவார். நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் கிலோவுக்கு 20 மில்லிகிராம், ஆழமாகத் தசையில், மூன்றாம் நாள் இன்னொன்று என்பது வழக்கம். ஒரே ஊசியில் வீக்கம் வாடியது என்று நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பி வருகிறது. ஸ்டீராய்டு போட்டால் வீக்கம் வேகமாக வற்றும், ஆனால் உடலின் எதிர்ப்பைக் குறைத்துக் கிருமிக்கு வழிவிடும்.

சீழ்க் கட்டியாகிவிட்டால் மருந்து உள்ளே சரியாக எட்டாது. நாள் கடத்தாமல் கெட்ட விதையை மட்டும் அறுவையில் எடுப்பதே மற்றதைக் காப்பாற்றும் வழி. ஒற்றை விதையோடும் கிடா பொலிக்கு உதவும். வீங்கிய விதையில், காயடிக்கப் பயன்படும் பர்டிசோ இடுக்கி போடவே கூடாது.

வீக்கம் வற்றியதும் பொலிக்கு விட்டுவிடாதீர்கள். விந்து உருவாக ஏறக்குறைய 48 நாள், முதிர்ந்து வெளிவர மேலும் 10-14 நாள். 60 நாள் கழித்து விந்துப் பரிசோதனை செய்யுங்கள். விதை சிறுத்துக் கல்லாகியிருந்தால் அந்தப் பக்கம் இனி தேறாது. கறிக்கு விற்பதானால் மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் விலக்கு நாட்கள் (மருந்து உடலிலிருந்து நீங்கும் காலம்) கழிந்த பிறகே விற்க வேண்டும்.