மாலையில் தளரும் செயற்கைக் கால்: என் அனுபவம்

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த பிறகு சென்னிமலையில் தறி வேலைக்குத் திரும்பிய எனக்கு, காலையில் கச்சிதமாகப் பொருந்திய செயற்கைக் கால் மதியத்துக்கு மேல் தளர்ந்து, முழங்கால் சில்லின் அடிப்பகுதி எஞ்சிய கால் நுழையும் கிண்ணம் போன்ற சாக்கெட்டின் விளிம்பில் இடித்து வலித்தது. நடக்க நடக்க எஞ்சிய காலின் நீர் வடிந்து பருமன் குறைவதே காரணம் என்று கால் செய்து கொடுத்தவர் விளக்கினார். இப்போது மதிய உணவு வேளையில் காலைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோலை ஒட்டி அணியும் மெத்தென்ற உறையான லைனருக்கு மேல் மெல்லிய பருத்தி உறை ஒன்றைக் கூடுதலாக, சுருக்கம் சிறிதும் விழாமல் இழுத்து மாட்டிக்கொள்கிறேன். சித்திரை வெயிலில் இந்தத் துடைப்பே பாதி வைத்தியம். எடுத்த எடுப்பில் தடித்த உறையைப் போட்டால் கால் முழுதாக உள்ளே இறங்காது என்பதால், ஒவ்வொன்றாகச் சேர்ப்பதே நல்லது. இரவில் கைக்கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கிறேன். செயற்கைக் காலைக் கழற்றிய பின் சிவப்பு 15 நிமிடங்களுக்கு மேலும் மறையாவிட்டால், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், மீண்டும் மாட்டாமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.