ஷவர் தரைக்கு எந்த வாட்டர்ப்ரூஃபிங்?

மேல்மாடி பாத்ரூமில் டைல்ஸ் பளபளவென்று இருக்கும். கீழ்வீட்டு சீலிங்கில் மட்டும் பழுப்பாக ஓதம் படரும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்ட் கிரவுட் தண்ணீரைக் குடிக்கும். தடுக்க வேண்டியது அடியில் போடும் பூச்சுதான்.

கடையில் மூன்று வகை கிடைக்கும். கலவையில் ஊற்றும் லிக்விட் விலை குறைவு, கொத்தனார்களுக்கும் பழக்கம். ஆனால் தளம் விரிசல் விட்டால் அதனால் பயனில்லை. அதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவது, பாலியூரித்தேன் கோட்டிங். ரப்பர் போல இழுபடும், ஆனால் தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரப்பூச்சின் மேல் மணல் தூவாவிட்டால் டைல்ஸ் சரியாகப் பிடிக்காது. மூன்றாவது, பவுடரும் பால் போன்ற திரவமும் சேர்ந்து வரும் பாலிமர் சிமெண்ட் கோட்டிங். லேசான ஈரத்திலும் ஒட்டும், டைல்ஸும் பிடிக்கும். முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

1. பிளம்பிங் வேலை முழுதும் முடியட்டும். பைப்பையும், தரைத் தண்ணீர் வெளியேறும் டிராப்பையும் சுற்றியுள்ள இடைவெளியை, சுருங்காத கிரவுட்டால் அடையுங்கள். கசிவு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

2. தளம் தாழ்த்திய பாத்ரூம் (பைப் ஓடுவதற்காகத் தளத்தைப் பள்ளமாக விட்டது) என்றால் பள்ளத்தின் அடியில் ஒருமுறை, நிரப்பிய பிறகு மேலே இன்னொருமுறை பூச வேண்டும். மேலே பூசும் முன் டிராப்பை நோக்கி மீட்டருக்கு 12 மில்லிமீட்டர் வாட்டம் கொடுங்கள்.

3. சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக உருட்டுங்கள். முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே அங்கே ஃபைபர் வலையைப் பதியுங்கள். இரண்டாவது கோட் குறுக்குவாட்டில். ஷவர் சுவரில் 6 அடி, மற்ற சுவரில் 1 அடி உயரம். கெட்டியான கலவையைத் தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள்.

4. பாக்கெட்டில் சொன்ன நாள் வரை காயவிட்டு, டிராப்பை அடைத்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டுங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் குறியிட்டு வையுங்கள்: இரண்டும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவியானது. தரையில் மட்டும் அதிகம் குறைந்தால் கசிவு. கீழ்த்தளத்துச் சீலிங்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. டைல்ஸைப் பசையால் ஒட்டி, இடுக்கில் எபாக்ஸி கிரவுட் போடுங்கள்.

எங்கள் வீட்டில் இதெல்லாம் முடிந்த மறுநாள், குழாய் அரை அங்குலம் தள்ளி இருக்கிறதென்று பிளம்பர் உளியோடு வந்தார். கொத்திய இடத்தைச் சுற்றி ஒரு முழம் மறுபடி பூசி, மறுபடி தண்ணீர் கட்டினோம்.