கோடை விடுமுறைக்குக் கடலோர ஊர் தேடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்வு முடிந்ததும் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். மகாபலிபுரமா, புதுச்சேரியா, ராமேஸ்வரமா, கன்னியாகுமரியா? பெரும்பாலும் ஊரின் பெயரை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கே போய் என்ன செய்யலாம் என்று அப்புறம் யோசிக்கிறோம். கடலோர ஊரைப் பொறுத்தவரை வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். அந்த ஊர்க் கடலில் கால் நனைக்க முடியுமா, குளிக்க முடியுமா, பார்க்க மட்டும்தான் முடியுமா என்பதை முதலில் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் பாதிப் பயணங்கள் ஏமாற்றத்தில் முடிகின்றன.

எல்லாக் கடலும் குளிக்கிற கடல் என்று நினைப்பது

கன்னியாகுமரியையே எடுத்துக்கொள்வோம். முக்கடல் கூடும் இடம் பாறைகள் நிறைந்தது. படித்துறையில் நின்று நீராடலாம், சூரிய உதயம் பார்க்கலாம். ஆனால் வாளியும் மண்வெட்டியுமாக வரும் பிள்ளைகள் மணல் வீடு கட்டி, அலையில் ஓடி விளையாடத் தோதான இடம் அல்ல அது. அகலமான மணல்வெளி வேண்டுமென்றால் சொத்தவிளைப் பக்கம் போக வேண்டும். இதைத் தெரியாமல் கடலுக்கு எதிரிலேயே அறை எடுத்துவிட்டால், இரண்டு நாளும் ஜன்னல் வழியாகத்தான் கடல்.

புதுச்சேரியும் அப்படித்தான். கடற்கரைச் சாலையை ஒட்டி நீளமாகக் கிடப்பவை கருங்கற்கள். 1980களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலை அவை மறித்துவிட்டன. நகரத்தின் முன்னிருந்த மணல் கரைந்தது, கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். பிற்பாடு கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்து, ஒரு பகுதியில் மணலைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சாலை மாலையில் காலாற நடக்க அருமையான இடம். மணலில் விளையாட வேண்டுமென்றால் சுண்ணாம்பாற்றில் படகேறி பாரடைஸ் பீச் போகலாம். சின்ன வீராம்பட்டினத்தில் ஈடன் கடற்கரையும் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளமும் இந்த ஈடனும் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றவை. குளிப்பதற்கென்று எல்லை குறித்த பகுதி, உயிர்காப்பாளர், உடைமாற்றும் அறை, நல்ல தண்ணீரில் குளிக்கும் வசதி இவையெல்லாம் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இத்தகைய இடத்தை முதலில் பரிசீலிக்கலாம்.

ராமேஸ்வரத்தில் ஒரே ஊரில் இரண்டு விதமான கடல். பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் அலை அடங்கி இருக்கும், அக்னி தீர்த்தத்தில் வயதானவர்கள்கூட நிதானமாக மூழ்கி எழுகிறார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் அப்படி இல்லை. மே மாதக் கடைசியில் தென்மேற்குக் காற்று வலுக்கும்போது சீறும். தனுஷ்கோடியில் ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் மக்கள் சொல்வது வழக்கம். இரண்டும் கூடுகிற அரிச்சல்முனையில் நீரோட்டம் மிக ஆபத்தானது. அங்கே பார்த்துவிட்டுத் திரும்புங்கள், இறங்காதீர்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். மாலையானால் வாகனங்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே கிளம்புவது நல்லது.

வானம் தெளிவாக இருந்தால் கடலும் அமைதி என்று நம்புவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது.

ஏப்ரல், மே மாதங்களில் நம் தென்கடற்கரையில் கள்ளக்கடல் என்றொரு நிகழ்வு வரும். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடிக்கிற புயற்காற்று பெரிய நீள அலைகளை எழுப்பும். அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரையை வந்தடையும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். சற்று முன்புவரை முழங்காலளவில் இருந்த தண்ணீர் திடீரென்று ஆளைப் புரட்டும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது.

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மாவட்டவாரியாக இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. செய்திகளிலும் வரும். கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ரத்து செய்யத் தேவையில்லை, தண்ணீரில் இறங்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்று இழுவோட்டம். கரைக்கு வந்த தண்ணீர் ஒரு குறுகிய பாதையில் வேகமாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, இருபுறமும் நுரை இருக்க நடுவில் மட்டும் நீர் கருத்து, அமைதியாகத் தெரியும். ‘இங்கே அலை குறைவு, இங்கேயே குளிக்கலாம்’ என்று குடும்பங்கள் தேர்ந்தெடுப்பது பல நேரம் அந்த இடத்தைத்தான். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டதும் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் இடுப்பளவுக்கே போக வேண்டாம். பிள்ளை எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று அவர் சொன்னால், அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

பகல் பொழுதை மறந்துவிடுவது

அக்னி நட்சத்திரக் காலத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல் மணலில் கால் வைக்க முடியாது. கடல் என்பது விடியலுக்கும் மாலைக்கும்தான், நடுவில் இருக்கிற ஆறேழு மணி நேரத்துக்கு அந்த ஊரில் நிழலில் பார்க்க என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மகாபலிபுரம் இந்தக் கணக்குக்கு நன்றாகவே பொருந்தும். கற்கோயில்களைக் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள், அந்த நேரத்து வெளிச்சத்தில் கடற்கரைக் கோயில் தனி அழகு. ஒன்பதுக்குள் ஐந்து ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் முடித்துவிடலாம். பலரும் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கி, சூடேறிய கருங்கல்லுக்கு நடுவே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். பாவம், அவர்களுக்குப் பல்லவர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிடும்! வெயில் ஏறியதும் வடநெம்மேலியில் மரநிழலில் இருக்கும் முதலைப் பண்ணை, முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று நகரலாம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து மறுபடி கட்டி வைத்திருக்கும் தட்சிணசித்ராவுக்கு அரை நாளாவது வேண்டும்.

ஆனால் அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கன்னியாகுமரி போகிறவர்கள் தவறாமல் சேர்த்துக்கொள்ளும் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாரக் கடைசிக் கூட்டத்துக்குப் பயந்து வார நாளில் போகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகளும் கடல் சீற்றத்தாலோ நீர்மட்டம் குறைந்தாலோ நின்றுவிடும். திருவள்ளுவர் சிலைக்குப் போகும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறந்த பிறகு வரிசையும் நீண்டிருக்கிறது. படகுப் பயணத்தை முதல் நாள் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நின்றுபோனால் மறுநாள் கையில் இருக்கும்.

மீன் சாப்பிடவே போவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். விலை ஏறும், பெரிய மீன்களில் ஐஸ் பெட்டியில் வந்தவையும் கலந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம், அதாவது குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பகுதிகளுக்குத் தடை ஜூன் முதல் தேதிதான் தொடங்குகிறது. ஆகவே மே மாதத்தில் பச்சை மீனுக்காகப் போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கம் போங்கள்.

‘கடலுக்கு அருகில்’ என்ற வார்த்தையை அப்படியே நம்புவது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு பக்கமும் விடுதிகள் உண்டு. மேற்குப் பக்கம் அறை எடுத்தால், பிள்ளைகளோடு அந்த வேகச் சாலையைத் தினமும் கடக்க வேண்டும். கைபேசியில் செயற்கைக்கோள் வரைபடத்தைப் பெரிதாக்கி, விடுதியிலிருந்து மணலுக்கு உண்மையிலேயே பாதை இருக்கிறதா, நடுவில் சவுக்குத் தோப்பும் சுற்றுச்சுவரும் நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் போன் போட்டுக் கேளுங்கள். கோடையில் குளியலறையில் வருவது உப்புத் தண்ணீரா, மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, மாடி அறை என்றால் லிஃப்ட் உண்டா? அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி.

இரண்டு இரவுக்கு மூன்று ஊர் என்று திட்டம் போடவும் வேண்டாம். ராமேஸ்வரத்தையும் கன்னியாகுமரியையும் ஒரே மூச்சில் முடித்தால் நினைவில் நிற்பது பேருந்து இருக்கைதான். ஒரே ஊரில் தங்கி, அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருப்பவற்றைப் பார்ப்பது எல்லோருக்கும் இதம். ரயிலில் போவதென்றால், 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே இரண்டாம் வாரப் பயணத்துக்கு மார்ச் இரண்டாம் வாரமே, காலை எட்டு மணிக்கு உட்கார்ந்துவிட வேண்டும். திரும்புவதை ஞாயிறு மாலைக்கு வைக்காமல் திங்கட்கிழமை காலைக்கு மாற்ற முடிந்தால், சீட்டும் கிடைக்கும், சாலையும் காலியாக இருக்கும்.