காசாவுக்காக ஜெபிக்க உட்காரும்போது

களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டு ஜெபக்கூட்டம். ஏழே முக்காலுக்கு முடித்துவிடுவோம். வருகிறவர்களில் பாதிப்பேர் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போக வேண்டியவர்கள். 2023 கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே இந்தக் கூட்டத்தில் பாலஸ்தீனத்துக்காக ஜெபித்து வருகிறோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கூட்டம் வைக்க நினைத்தால், நாங்கள் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

முதல் தடவை, "உலக சமாதானத்துக்காக ஜெபிப்போம்" என்று நான்தான் ஆரம்பித்தேன். மூன்று நிமிஷத்தில் முடிந்துபோனது. யாருடைய முகமும் யாருக்கும் மனசில் வரவில்லை. அதனால் ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அடிக்கடி எடுப்பது காசா நகரத்தின் அல்-அஹ்லி ஆஸ்பத்திரி. நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரி மாதிரி மிஷனரிகள் தொடங்கியது, 1882-ல். இன்று எருசலேம் ஆங்கிலிக்கன் திருச்சபை நடத்துகிறது. 2025 குருத்தோலை ஞாயிறு அன்று அதிகாலை இஸ்ரேல் ஏவுகணைகள் அங்கே விழுந்தன. நாங்கள் குருத்தோலை பிடித்து "ஓசன்னா" பாடிய அதே நாள். இதைச் சொன்னதும் ஒரு சித்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஜெபம் தானாக வந்தது.

வேதவாசிப்பு ஒன்று போதும். அப்போஸ்தலர் 8-ம் அதிகாரத்தில் பிலிப்பு போகிற வழி, எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வழிதான். காசா நம்ம வேதத்தில் இருக்கிற ஊர் என்பதே பலருக்குப் புதிதாக இருந்தது. நிலம் பறிபோவதைப் பற்றி ஜெபிக்கிற அன்று 1 இராஜாக்கள் 21, நாபோத்தின் திராட்சத்தோட்டம். மேற்குக் கரையில் ஒலிவ மரங்கள் வெட்டப்படுவதை அன்றைக்குச் சொல்லுங்கள். முப்பது வருஷம் பார்த்து வளர்த்த மரம் சாய்ந்தால் என்ன வலி என்று தோட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். திருநாட்டு யாத்திரை போனவர் பெத்லகேமிலிருந்து வாங்கி வந்த ஒலிவ மரச் சிலுவை எங்கள் கூட்டத்தில் ஒன்று உண்டு. உள்ளங்கை அளவுதான். அதைக் கைக்குக் கை மாற்றுவோம். கையில் வாங்குகிறவர் ஜெபிப்பார். மரத்தின் ரேகை விரலில் தட்டுப்படும்.

சரி, என்ன வார்த்தையில் ஜெபிப்பது? "சமாதானம் தாரும்" என்று மட்டும் நிறுத்தாதீர்கள். யார் கஷ்டப்படுகிறார்கள், யார் அதைச் செய்கிறார்கள், ஆண்டவர் என்ன செய்ய வேண்டும், மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் எழுதிவைத்தது இது:

"ஆண்டவரே, இன்று ராத்திரி அல்-அஹ்லியில் வேலையில் நிற்கிற நர்ஸுகளின் கைகளைத் தாங்கும். ரொட்டியையும் மருந்தையும் தடுக்கிறவர்களின் மனக்கடினத்தை உடையும், வாசல்களைத் திறவும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் தங்கள் மண்ணுக்குத் திரும்பட்டும். குண்டு போடக் கட்டளையிடுகிறவர்களை உமது நியாயத்துக்கு முன் நிறுத்தும், மனந்திரும்பச் செய்யும்."

ஒவ்வொரு வரிக்கும், "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்." பாறசாலையிலிருந்து கட்டிவந்த மருமகள்கள் மலையாளத்தில் சொல்வார்கள். சொல்லட்டும்.

ஒரு கேள்வி கட்டாயம் வரும். எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர், "அவங்க தேவனுடைய ஜனம், நாம எதிரா ஜெபிக்கலாமா?" என்று கேட்டார். அவரை வாயடைக்காதீர்கள். வேதத்தில் வரும் இஸ்ரவேல் வேறு, 1948-ல் உருவான அரசாங்கம் வேறு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அந்த வருஷம் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. இஸ்ரவேலின் ராஜாக்களை அதிகமாகக் கண்டித்தவர்கள் இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள்தானே. சங்கீதம் 122 "எருசலேமின் சமாதானத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்கிறது. அந்த எருசலேமில் யூதரும் இருக்கிறார்கள், அரபியரும் இருக்கிறார்கள்.

யூதர்களை வெறுக்கிற பேச்சு ஜெபத்தில் நுழைந்தால் உடனே நிறுத்துங்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையில் நடந்த தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், ஏறக்குறைய 250 பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். அவர்கள் வீடுகளின் துக்கத்தையும் ஜெபத்தில் வையுங்கள். எங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு மைனியின் மகள் இஸ்ரேலில் ஒரு வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறாள். அந்தச் சம்பளத்தில்தான் இங்கே வீட்டுக் கடன் அடைகிறது. சைரன் அடித்தால் அந்த அம்மாவைக் கைத்தாங்கலாகப் பாதுகாப்பு அறைக்குக் கூட்டிப்போவாளாம்.

ஆரம்பத்தில் அந்த மைனி வாயே திறக்கவில்லை. காசாவுக்காக ஜெபித்தால் மகளுக்கு எதிராக ஜெபிப்பது போல ஆகிவிடுமோ என்ற பயம். யாரும் வற்புறுத்தவில்லை. நான்காவது கூட்டத்தில் சிலுவை கைக்கு வந்தபோது மகள் பேரைச் சொன்னார்கள், அவள் பார்த்துக்கொள்கிற அம்மா பேரைச் சொன்னார்கள். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "காசாவுல பிள்ளையத் தேடுற அம்மாமாரையும் பாத்துக்கிடும் ஆண்டவரே" என்றார்கள். அன்றைக்குக் கூட்டம் முடிய எட்டேகால் ஆனது. கட்டஞ்சாயா ஆறிப்போயிருந்தது.