யுடிஐடி அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) முதல்முறை விண்ணப்பிக்கிறீர்களா?

எங்கள் அக்கா மகளுக்குக் காது சரியாகக் கேட்காது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஒரு பள்ளியில், "முதலில் அட்டை வாங்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றே விண்ணப்பித்தோம். அதன் வழிமுறையைச் சொல்கிறேன்.

1. ஆதார், அண்மையில் எடுத்த புகைப்படம், முகவரிச் சான்று, இதுவரை பார்த்த சிகிச்சைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். காது என்றால் ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளந்த அறிக்கை) முக்கியம்.

2. மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். குழந்தைக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். பெயரை ஆதாரில் உள்ள எழுத்துப்படியே கொடுங்கள். கடைசியில் வரும் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள். தடுமாற்றமாக இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

3. அப்புறம் மருத்துவமனைப் பரிசோதனை. அங்கே ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்வார்கள். 40-க்குக் கீழே என்றால் வெள்ளை அட்டை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-லிருந்து நீலம். இந்த 40 என்ற எண்ணில்தான் பல சலுகைகள் நிற்கின்றன: அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீதம் இடஒதுக்கீடு. சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டதாகத் தோன்றினால் அப்படியே விட்டுவிடாதீர்கள். மேல்முறையீடு செய்ய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 59-ஆவது பிரிவில் வழி இருக்கிறது.

4. அட்டை வந்ததும் பணம் தானாக வராது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. அதற்குத் தனியாக மனு கொடுக்க வேண்டும்.

சரி, அட்டை வரும்வரை என்ன செய்வது? இதைத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளிகள் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. அதில் அட்டை என்ற நிபந்தனையே இல்லை, 40 சதவீதமும் இல்லை. வேலையிலும் இதே பாதுகாப்பு உண்டு. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட அரசு ஊழியரை அதற்காக வேலையை விட்டு அனுப்பவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய பணியைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும் (பிரிவு 20).

அதனால் யாராவது மறுத்தால், வாய்ப்பேச்சோடு திரும்பி வராமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், என்று போனோம், யார் என்ன சொன்னார் என்று நீங்களே எழுதி, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அவர்களுக்கு அனுப்புங்கள். அந்த நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் கொடுக்கலாம்.

நாங்கள் 16-ஆவது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்தோம். அட்டை கைக்கு வருவதற்கு முன்பே பிள்ளை முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.